எட்டப்பன் என்ற பெயரும் கயத்தாற்றுப் புளியமரமும்

எங்கள் பக்கத்தில் ஒருவரைத் துரோகி என்று திட்ட நினைப்பவர்கள் அந்தச் சொல்லைத் தேடிப் போவதில்லை. 'எட்டப்பன்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பாகப்பிரிவினைச் சண்டையில் சொல்வார்கள், கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் சொல்வார்கள், ஜங்ஷன் டீக்கடையில் அரசியல் பேசும்போதும் சொல்வார்கள். சொல்பவர்களில் பலர் எட்டயபுரம் வழியாகப் பஸ்ஸில் போயிருப்பார்கள். அது பாரதி பிறந்த ஊர், உமறுப்புலவரை ஆதரித்த ஊர், முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் கண்ணை மூடிய ஊர் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஊரை ஆண்ட குடும்பத்தின் பெயர் வசவாகவே நின்றுவிட்டது.

எட்டப்பன் என்பது தனி ஓர் ஆளின் பெயர் இல்லை. எட்டயபுரம் பாளையத்தை ஆண்டவர்கள் வரிசையாகச் சூடிக்கொண்ட பட்டம். ஆதரவில்லாமல் நின்ற எட்டுச் சகோதரர்களுக்குத் தகப்பன் ஸ்தானத்தில் ஒரு முன்னோர் நின்றார், அதனால் எட்டப்பன் என்ற பெயர் வந்தது என்று அந்தக் குடும்பத்தில் கதை சொல்வார்கள். தகப்பன் ஸ்தானத்தைச் சொன்ன பெயர் காட்டிக்கொடுப்பதைச் சொல்லும் பெயராக ஆனது எப்படி? ரொம்ப நாளாக என் மனதில் கிடக்கும் கேள்வி இது. இன்று அதை எழுதிப் பார்க்கிறேன்.

நான் பள்ளியில் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அம்மாவின் ஊர் பாளையங்கோட்டை. கோடை விடுமுறைக்கு இங்கே வருவோம். பிறகு வேலையும் இங்கேயே அமைந்தது. வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, பதிவறைத் தூசியில் முப்பது வருஷத்துக்கு மேல் கழிந்தது. எட்டயபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே எட்டப்பன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நாடகமும் சினிமாவும் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகத்தைச் சிவாஜி நாடக மன்றம் 1957-ல் சேலத்தில் அரங்கேற்றியது. 1959-ல் பி.ஆர். பந்துலு அதைப் படமாக எடுத்தார். மறு வருஷம் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. கட்டபொம்மன் ஜாக்சனுக்குச் சொல்லும் பதிலை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. ஒட்டு மீசையோடு அதை ஒப்பித்த பையன் இல்லாத பள்ளி ஆண்டு விழா எங்கள் ஜில்லாவில் நடந்ததில்லை. நம் காலத்துத் தமிழ் மேடையில் துன்பியல் நாடகம் ஒன்றைக் காட்டு என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். முடிவு தெரிந்தும் நாயகன் திரும்புவதில்லை. கடைசியில் கயத்தாற்றில் ஒரு புளியமரம் காத்திருக்கிறது.

ஒரு சின்ன விஷயம். படத்தில் பானர்மேனாக நடித்தவர் ஜாவர் சீதாராமன். அந்த 'ஜாவர்' அவர் அப்பா வைத்த பெயரில் வந்ததில்லை. விக்தர் ஊகோவின் 'லே மிசெராப்ள்' நாவலைத் தழுவி 1950-ல் வந்த 'ஏழை படும் பாடு' படத்தில் ஜாவர் என்ற போலீஸ் அதிகாரியாக நடித்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுப் பள்ளியில் ஊகோவைப் படித்த எனக்கு அதில் தனிச் சந்தோஷம். மேடைப் பெயர் நிஜ மனிதர் மேல் ஒட்டிக்கொண்டால் போகாது. சீதாராமனுக்கு அது பெருமையாக ஒட்டியது. எட்டயபுரத்தாருக்கு வேறு மாதிரி ஒட்டியது.

நாடகத்தைப் படிப்பதற்கு எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். ஒரு காட்சியை எடுத்துக்கொண்டால் மூன்று கேள்வி கேட்பார். இந்த ஆளுக்கு என்ன வேண்டும்? இவன் எதற்குப் பயப்படுகிறான்? வாயால் சொல்லாமல் விட்டது என்ன? மூன்றாவது கேள்விக்குத்தான் அவர் மார்க் போடுவார். பின்னாளில் கோப்புகளைப் படிக்கும்போதும் அதே மூன்று கேள்விகள் எனக்கு உதவின. குறிப்பில் எழுதியது ஒன்று இருக்கும், எழுதாமல் விட்டது ஒன்று இருக்கும். தேதிகளை வரிசையாக அடுக்கினால் எழுதாமல் விட்டது தானாக எட்டிப் பார்க்கும்.

அவர் விரும்பி நடத்திய நாடகம் ராசீனின் 'ஃபெத்ர்'. 1677-ல் பாரிஸில் அரங்கேறியது. கதை கிரேக்கக் கதை. அரசனின் இரண்டாம் மனைவி ஃபெத்ர் தன் மாற்றாள் மகன் மேல் ஆசை வைக்கிறாள். அரசன் இறந்துவிட்டான் என்று செய்தி வர, ஆசையை அவனிடமே சொல்லிவிடுகிறாள். பிறகு அரசன் உயிரோடு திரும்பி வருகிறான். மானம் போய்விடும் என்ற பயத்தில் இளவரசன் மேலேயே பழி திருப்பப்படுகிறது, அவன் சாகிறான். யூரிப்பிடீஸ் எழுதிய பழைய கிரேக்க நாடகத்தில் அந்தப் பொய்ப் பழியை அரசியே எழுதி வைத்துவிட்டுச் சாகிறாள். ராசீன் அதை மாற்றினார். பொய்யைச் சொல்கிற வேலையை ஏனோன் என்ற செவிலித்தாயிடம் கொடுத்தார். ஏன் என்று முன்னுரையில் அவரே காரணம் சொல்கிறார்: இவ்வளவு கீழான பொய் ஓர் அரசியின் வாயில் வரத் தகாது, ஒரு செவிலிக்குப் பொருந்தும் என்பது அவர் கணக்கு. நாடகத்தில் அந்த ஏனோனை அரசி சபித்து விரட்டுகிறாள், அவள் கடலில் விழுந்து சாகிறாள். பார்ப்பவர்கள் அரசிக்காக அழுவார்கள். ஏனோனுக்காக யாரும் அழுவதில்லை.

உயர்ந்த பாத்திரம் உயர்ந்தே நிற்க வேண்டுமென்றால் அழுக்கைச் சுமக்க இன்னொருவர் வேண்டும். துன்பியல் நாடகத்தின் பழைய தந்திரம் இது. இதை மனதில் வைத்துக்கொண்டு நம்மூர்க் கதைக்கு வருகிறேன்.

முதலில் ஜாக்சன். மேடையில் அவர் ஓர் ஆணவக்காரர், அவ்வளவுதான். கோப்பில் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. 1792 உடன்படிக்கையில் ஆற்காட்டு நவாப்பிடமிருந்து பாளையங்களின் கிஸ்து வசூலைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. 1798-ல் பாஞ்சாலங்குறிச்சியின் கிஸ்து பாக்கி 3,310 பகோடா. ஜாக்சன் படை அனுப்பி வசூலிக்க அனுமதி கேட்டார். சென்னை அரசு கொடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ராமநாதபுரத்துக்கு வந்து பார்க்கும்படி ஆகஸ்ட் 18-ஆம் தேதி கட்டபொம்மனுக்கு உத்தரவு போகிறது. இடையில் குற்றாலத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கட்டபொம்மன் பார்க்கப் போனபோது பேட்டி கிடைக்கவில்லை. படை கேட்டு மறுக்கப்பட்ட அதிகாரி, அந்தப் படை செய்திருக்க வேண்டிய அவமானத்தைத் தன் முகாம் பயணத்தாலேயே செய்து பார்த்தார் என்பது என் ஊகம். அதிகாரியின் கேம்ப்புக்குப் பின்னால் ஊர் ஊராக அலையும் மனுதாரர்களைப் பார்த்தவன் நான். அந்த அலைச்சல் எதற்காக என்பது அவர்களுக்கும் தெரியும், அலைய விடுபவருக்கும் தெரியும்.

கட்டபொம்மன் ஏன் அலைந்தார்? மேடையில் அவர் சிங்கமாக நுழைகிறார், நாம் கை தட்டுகிறோம். ஆனால் ராமநாதபுரத்துக்கு முன்னால் உள்ள அந்த நாட்களை நாடகம் அவ்வளவாகத் தொடுவதில்லை. அந்த நாட்களில் அவருக்கு வேண்டியிருந்தது சண்டை இல்லை என்றே தோன்றுகிறது. கணக்கை நேர் செய்துகொண்டு பாளையத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அவருடைய முதல் எண்ணமாக இருந்திருக்கும். செப்டம்பரில் ராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது. மூன்று மணி நேரம் நிற்க வைத்ததாகச் சொல்வார்கள். கைதாகிவிடுவோம் என்று தெரிந்ததும் வெளியேற முயன்றார். ஊமைத்துரை ஆட்களோடு கோட்டைக்குள் வந்தார். வாசலில் நடந்த கைகலப்பில் லெஃப்டினன்ட் கிளார்க் இறந்தார். தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். ஊர் திரும்பியதும் கட்டபொம்மன் செய்த காரியத்தைப் பாருங்கள். சென்னைக்கு மனுப் போட்டார். மேல்முறையீடு! இதுவும் மேடைக்கு அவ்வளவாக உதவாத விஷயம்.

அந்த மனுவின் மேல் நடந்ததுதான் விசித்திரம். பிரவுன், ஓரம், காசமேஜர் என்ற மூவர் குழு டிசம்பர் 15-ஆம் தேதி அவரை விசாரித்து, அவர் மேல் குற்றமில்லை என்றது. தானாபதி விடுதலையானார். ஜாக்சன் பதவி இழந்தார். லஷிங்டன் கலெக்டராக வந்தார். கட்டபொம்மனும் பாக்கியில் பெரும்பகுதியைக் கட்டி, 1,080 பகோடா மட்டும் நின்றது. கோப்பை இத்தோடு மூடியிருக்கலாம். கம்பெனி ஏன் அவ்வளவு நியாயமாக நடந்துகொண்டது? தேதிகளை அடுக்குங்கள். 1798 கடைசியில் கம்பெனி மைசூரில் திப்பு சுல்தானோடு யுத்தத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. தெற்கே இன்னொரு தலைவலி வேண்டாத நேரம். 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு மாண்டார். அதே மே மாதத்தில் திருச்சி, தஞ்சாவூர், மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் படை நகர உத்தரவு போனது. டிசம்பரில் கிடைத்த நியாயம் மே மாதம் காலாவதியாகிவிட்டது. எந்தக் குறிப்பிலும் இதை எழுதியிருக்க மாட்டார்கள். தேதிகள் சொல்கின்றன.

அடுத்து தானாபதிப் பிள்ளை. நாடகத்திலும், அதற்கு முன்பே ஊர் ஊராகப் பாடப்பட்ட கதைப்பாடலிலும் (பாளையங்கோட்டையில் வாழ்ந்த நா. வானமாமலை அதைப் பதிப்பித்தார்) ஸ்ரீவைகுண்டத்து நெல் கொள்ளை முக்கியமான திருப்பம். மன்னருக்குத் தெரியாமல் மந்திரி செய்ததாகக் கதை போகும். மன்னர் வருந்துவார், ஆனாலும் மந்திரியை விட்டுக்கொடுக்க மாட்டார். ராசீன் படித்தவனுக்கு இது எங்கோ பார்த்த ஏற்பாடு. கைக்கு அழுக்கு ஆகிற வேலை மந்திரிக்கு, விட்டுக்கொடுக்காத பெருந்தன்மை மன்னருக்கு.

அந்த நெல்லின் பின்னால் இருக்கும் காரணம் யாருடைய மனதிலும் ஒளிந்திருக்கவில்லை, மண்ணில் கிடக்கிறது. தாமிரபரணிக் கரையில் காரும் பிசானமும் விளையும் நஞ்சை ஊர்கள். பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் இருப்பது வானம் பார்த்த கரிசலில். பாளையக்காரர்கள் தங்கள் எல்லைக்கு வெளியே உள்ள ஊர்களுக்கும் காவல் பொறுப்பு ஏற்று அதற்கான வரியை வாங்கிவந்தார்கள். தேசகாவல் என்று பெயர். ஆற்றங்கரை நெல்லில் ஒரு பங்கு கரிசலுக்குப் போக அது ஒரு வழியாக இருந்தது. கம்பெனி கிஸ்துவையும் இறுக்கிக் கேட்டது, இந்தக் காவல் வரியையும் ஒழிக்கப் பார்த்தது. பாளையத்தில் எத்தனை பேர் அந்த வருமானத்தை நம்பிப் பிழைத்தார்கள் என்று கணக்குப் போட்டால், நெற்களஞ்சியத்துக்கு ஆள் அனுப்ப ஒரு மந்திரியின் பேராசை தேவைப்படாது. 1799 செப்டம்பர் 5-ல் பானர்மேன் கோட்டையைத் தாக்கினார். கோட்டையை விட்டு வெளியேறியவர்களோடு கோலார்பட்டியில் சண்டை. அங்கே தானாபதி பிடிபட்டார். செப்டம்பர் 13-ல் நாகலாபுரத்தில் தூக்கிலிட்டார்கள். தன் மன்னருக்கு ஒரு மாதம் முன்னால் போய்ச் சேர்ந்த மனிதர் அவர்.

இப்போது எட்டப்பர். கவனித்திருப்பீர்கள், மேடையிலும் பாடப்புத்தகத்திலும் ஒருவருக்கு 'ர்' விகுதி, மற்றவருக்கு 'ன்' விகுதி. நான் இருவருக்கும் 'ர்' போடுகிறேன். அதற்காக அவர் செய்ததை மறைக்கப் போவதில்லை. அவர் கம்பெனியோடு நின்றார். கட்டபொம்மனைப் பிடிக்க ஆட்களோடு முனைந்து தேடினார். பிறகு பாஞ்சாலங்குறிச்சியின் நிலங்களில் எட்டயபுரத்துக்கும் பங்கு வந்தது. இவை நடந்தவை. என் கேள்வி ஏன் என்பது.

நாடகம் அவருக்குப் பொறாமையையும் ஆசையையும் கொடுத்தது. வாத்தியாரின் இரண்டாவது கேள்வியை, எதற்குப் பயப்படுகிறான் என்பதை, அவரிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டு பாளையங்களுக்கும் எல்லைத் தகராறு பழையது. கரிசலில் அடுத்தடுத்து இருந்து எல்லைக் கிராமங்களுக்கு அடித்துக்கொண்ட இரண்டு குடும்பங்கள். நில அளவைக்குப் போனவர்களைக் கேளுங்கள், அடுத்த வயல்காரனின் வரப்பைவிடப் பெரிய பகை உலகத்தில் கிடையாது. இன்னொன்றும் உண்டு. 1755-ஐ ஒட்டி நெற்கட்டான்செவல் பூலித்தேவர் பாளையக்காரர்களை ஒன்று சேர்த்தபோது எட்டயபுரம் சேரவில்லை. பாஞ்சாலங்குறிச்சியும் சேரவில்லை. கட்டபொம்மனின் முன்னோர்களும் தங்கள் பாளையத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். அதற்காக அவர்களை நாம் துரோகி என்பதில்லை, சொல்லவும் கூடாது. அந்தக் காலத்துப் பாளையக்காரருக்குத் தேசம் என்பது அவருடைய எல்லைக்கல் வரைக்கும்தான். அதே அளவுகோலை 1799-ல் எட்டயபுரத்துக்கு மட்டும் நாம் மாற்றிக்கொள்கிறோம்.

எட்டயபுரம் எப்போதும் பணிந்தே போன ஊரும் இல்லை. பூலித்தேவர் காலத்திலேயே அந்தப் பாளையத்துக்காகக் கான்சாகிபின் படையோடு மோதி உயிர்விட்டவராக அழகுமுத்துக்கோனை இன்றும் கொண்டாடுகிறோம். எதிர்த்தால் என்ன ஆகும் என்பது அந்த அரண்மனைக்குத் தெரிந்த பாடம். 1799 மே மாதம் திப்புவே விழுந்த செய்தி வந்தபோது, ஒரு கரிசல் பாளையக்காரர் என்ன கணக்குப் போட்டிருப்பார்? பயம், பழைய பகை, நில ஆசை மூன்றும் கலந்திருக்கும். எந்த விகிதத்தில் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டு மற்ற இரண்டை மட்டும் காட்டினால் மனிதர் மறைந்து வில்லன் வந்துவிடுவான்.

இனி யாரும் அதிகம் பேசாத விஷயம். கட்டபொம்மன் எட்டப்பரிடம் பிடிபடவில்லை. களப்பூர்க் காட்டில் அவரைப் பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். புதுச்சேரியில் எங்களுக்கு நடத்திய வரலாற்றில் தொண்டைமான் வேறு இடத்தில் வருவார். திருச்சி முற்றுகைக் காலத்தில் துப்ளெக்ஸின் பக்கத்துக்கு எதிராக ஆங்கிலேயருக்கும் முகமது அலிக்கும் உதவியவர்கள் அவர்கள். ஆகவே 1799-ல் தொண்டைமான் செய்தது அந்தக் குடும்பத்தின் ஐம்பது வருஷக் கொள்கை. சமஸ்தானமும் 1948 வரை நிலைத்தது. இருந்தும் 'தொண்டைமான்' வசவாகவில்லை. ஒப்படைத்தவர் பெயர் தப்பித்தது, தேடியவர் பெயர் மாட்டிக்கொண்டது. இதில் நியாயம் எங்கே இருக்கிறது? எனக்குப் பிடிபடுவது இதுதான்: கதைக்குத் தூரத்து அரசர் உதவ மாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வேண்டும். துரோகம் என்பது அருகில் இருப்பவர் செய்தால்தான் மேடையில் வலிக்கும்.

கடைசியாகக் கயத்தாறு. திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டி போகும் சாலையில் உள்ள ஊர். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி பானர்மேன் அங்கே பாளையக்காரர்களை எல்லாம் கூட்டி வைத்து விசாரணை நடத்தினார். கிஸ்து ஒழுங்காகக் கட்டாதது, அழைத்தபோது வராதது, சிவகிரிப் பக்கம் ஆட்களை ஏவியது, படையை எதிர்த்தது என்று குற்றச்சாட்டுகள். கட்டபொம்மன் எதையும் மறுக்கவில்லை. மறுநாள் பானர்மேன் மேலிடத்துக்கு எழுதிய கடிதம் கால்டுவெல் பாதிரியார் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இருக்கிறது. எதிரி எழுதிய சாட்சியம், அதனால் எனக்கு அது உயர்ந்தது. விசாரணை முழுக்க அந்த மனிதர் அஞ்சாமல் நிமிர்ந்து நின்றார் என்று எழுதுகிறார். எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி வெறுப்போடு பார்த்தாராம். தூக்குமரத்துக்கு நடக்கும்போது வலப்பக்கமும் இடப்பக்கமும் நின்ற பாளையக்காரர்களை இகழ்ச்சியாகப் பார்த்துக்கொண்டே நடந்தாராம். ஊமைத் தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார் என்றும், மரத்தடியில் நின்று, கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அங்கேயே சண்டையிட்டுச் செத்திருக்கலாம் என்று வருந்தினார் என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது.

எந்த நாடகாசிரியரும் எழுதாத அந்தக் கடைசி வருத்தத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கோட்டையை விட்டுப் போனது பயத்தால் இருக்காது, இன்னும் பேசி முடிக்க வழி இருக்கும் என்ற நம்பிக்கையால் இருந்திருக்கலாம். மனுப் போட்டு ஒருமுறை நியாயம் வாங்கியவர் அல்லவா? வசனம் பேசும் கட்டபொம்மனைவிட, அந்த மரத்தடியில் தம்பியை நினைத்த கட்டபொம்மன் எனக்கு நெருக்கமானவர்.

அந்தப் பார்வையையும் கவனியுங்கள். அது எட்டயபுரத்தார் மேல் மட்டும் விழவில்லை. சிவகிரியார் மேல் விழுந்தது. அவருக்கும் காரணம் இருந்தது, கூட்டணிக்கு வராத அவருடைய கோட்டையைப் பிடிக்கக் கட்டபொம்மன் முயன்றிருந்தார். பிறகு வலமும் இடமும் நின்ற எல்லோர் மேலும் விழுந்தது. அவர்களில் சிலர் உதவினார்கள், சிலர் ஒதுங்கினார்கள், எல்லோரும் வரிசையில் நின்று பார்த்தார்கள். மேடை அந்த வரிசையைக் கலைத்துவிட்டு ஒரே ஒருவரை நிறுத்தியது. ராசீனின் ஏனோன் சுமந்ததை நம் எட்டப்பர் சுமக்கிறார். தெற்குச் சீமை முழுவதும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய வெட்கத்தை ஒரு பெயரில் கட்டிக் கடலில் போட்டுவிட்டால் மற்ற எல்லோரும் கரையில் நிம்மதியாக நிற்கலாம். அந்த மற்ற எல்லோரில் நம் முன்னோர்களும் இருந்திருப்பார்கள்.

இது பழங்கதை என்று நினைத்தால் ஒன்று சொல்கிறேன். 2003 ஜூலையில் தமிழ்நாடு அரசு ஊழியர் வேலைநிறுத்தம் நடந்தது நினைவிருக்கும். பெருந்தொகையாக ஆட்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் பாதியிலேயே போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். எல்லாம் முடிந்து நாங்கள் அலுவலகம் திரும்பிய அன்று அவருடைய மேஜையில் சாக்பீஸால் யாரோ 'எட்டப்பன்' என்று எழுதியிருந்தார்கள். அவர் அதைத் துடைக்கவில்லை. அதன் மேலேயே ஃபைலை வைத்து எழுதத் தொடங்கினார். அவருடைய மனைவிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்பதும், ஒரு மாதச் சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்பதும் அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். வேலைநிறுத்தத்தை உடைத்தது சரியா என்று வாதாடலாம். ஆனால் அந்தச் சொல் எழுதப்பட்ட நிமிஷத்தில் வாதம் முடிந்துவிட்டது. அந்தச் சொல்லின் வேலையே அதுதான். காரணம் கேட்பதை நிறுத்திவிடும்.

பாரதி இதை வேறு விதமாகப் பார்த்தார் என்பது எனக்கு ஆறுதல். எட்டயபுரம் அரச பரம்பரையின் வரலாறாக 'வம்சமணி தீபிகை' என்றொரு நூல் 1879-ல் வந்தது. 1919-ல் கடையத்தில் இருந்த பாரதி, அதை நல்ல தமிழில் திருத்தி எழுதித் தருகிறேன் என்று அரண்மனைக்குக் கடிதம் எழுதினார். வறுமையும் ஒரு காரணமாக இருந்திருக்கும். எதுவானாலும், சுதந்திரத்தைப் பாடிய அந்த மனிதருக்கு எட்டப்பர் என்ற பெயர் தொடக்கூடாத பெயராக இருக்கவில்லை. அந்தப் பெயரில் எழுத வேண்டிய வரலாறு இருப்பதாக அவர் நினைத்தார்.

கட்டபொம்மனுக்குக் குறைவில்லாமல் மரியாதை செய்திருக்கிறோம். பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ல் நினைவுக் கோட்டை எழுந்தது. கயத்தாற்றில் சிவாஜி கணேசனே நிலம் வாங்கிச் சிலை வைத்தார். எங்கள் ஜில்லாவே சில காலம் 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்' என்று இருந்தது, 1997-ல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயர்களை எடுக்கும்வரை ஒவ்வொரு கடித உறையிலும் நான் அதை எழுதியிருக்கிறேன். அந்த மரியாதையில் ஒரு எழுத்துக்கூடக் குறைய வேண்டாம். அவர் உயர்ந்து நிற்பதற்கு இன்னொருவர் பெயர் வசவாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எதிரியே எழுதிவைத்த அந்தக் கடைசி நடை போதும்.

கயத்தாறு வழியாகப் போகிறவர்கள் சிலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகலாம். சிலையைப் பார்த்த பிறகு சாலையின் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒருமுறை பாருங்கள். வரிசையாக நின்றவர்கள் அங்கேதான் நின்றார்கள்.